திறமை இருந்தால் போதாதா? வேலையில் இனமும் பாலினமும் செய்யும் வேலை

கேள்வி இதுதான்: ஒரே படிப்பும் ஒரே அனுபவமும் உள்ள இருவரில் யாருக்கு வேலை கிடைக்கிறது, வேலைக்குச் சேர்ந்தபின் மற்றவர்கள் அவரிடம் எப்படிப் பழகுகிறார்கள் என்பதை இனமும் பாலினமும் உண்மையிலேயே மாற்றுமா? திறமை இருந்தால் போதாதா?

மாற்றும். பல வருடங்களாக ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். நேர்காணல் மேசைக்கு இந்தப் பக்கம் எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறேன். "இந்த இனத்தவர் வேண்டாம்", "பெண்ணை எடுக்காதே" என்று யாராவது வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது மிகக் குறைவு. சொல்லியிருந்தால் அங்கேயே எதிர்த்துப் பேசியிருக்கலாம். நடப்பது வேறு. ஒருவருக்கு அழைப்பு வரவில்லை, இன்னொருவருக்கு வந்தது. வராதவருக்குத் தன் கதை மட்டும்தான் தெரியும். "எனக்குத் தகுதி போதவில்லை போலிருக்கிறது" என்று நினைத்துக்கொண்டு அடுத்த விண்ணப்பத்தை அனுப்பப் போய்விடுவார். பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லாதவரை இது கண்ணுக்குப் படாது.

அப்படி ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் ஆய்வாளர்கள். மரியான் பெர்ட்ராண்ட், செந்தில் முல்லைநாதன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்காவில் பாஸ்டன், சிகாகோ நகரங்களின் செய்தித்தாள்களில் வந்த வேலை விளம்பரங்களுக்கு ஏறக்குறைய 5,000 பயோடேட்டாக்களை அனுப்பினார்கள். எல்லாம் கற்பனை ஆட்கள். பெயர்களை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டார்கள்: பாதிக்கு எமிலி, கிரெக் போல வெள்ளையர் என்று தோன்றும் பெயர்கள், பாதிக்கு லக்கிஷா, ஜமால் போலக் கருப்பினத்தவர் என்று தோன்றும் பெயர்கள். 2004-ல் முடிவு வெளிவந்தது. வெள்ளையர் பெயர்களுக்குச் சுமார் 10 விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. கருப்பினத்தவர் பெயர்களுக்கு 15 அனுப்ப வேண்டியிருந்தது. அதைவிட என்னை உறுத்திய விஷயம் ஒன்று அந்த ஆய்வில் இருக்கிறது. பயோடேட்டாவின் தரத்தைக் கூட்டியபோது எமிலிக்கு அழைப்புகள் நன்றாகவே கூடின. லக்கிஷாவுக்கு அந்த அளவுக்குக் கூடவில்லை. "இன்னும் கொஞ்சம் படி, இன்னும் கொஞ்சம் அனுபவம் சேர்த்துக்கொள்" என்று நாம் நல்லெண்ணத்தோடு சொல்லும் புத்திமதி எல்லோருக்கும் ஒரே பலன் தருவதில்லை என்பதுதான் அதன் பொருள்.

காகிதத்தில் இப்படி என்றால் நேரில்? சமூகவியல் அறிஞர் தேவா பேஜர் 2001-ல் மில்வாக்கி நகரில் நான்கு இளைஞர்களை நிஜமாகவே வேலை கேட்டுப் போகச் சொன்னார். வெள்ளையர் இருவர் ஒரு ஜோடி, கருப்பினத்தவர் இருவர் இன்னொரு ஜோடி. ஒரே மாதிரிப் பேச்சு, ஒரே மாதிரித் தகுதி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர் மாற்றி ஒருவர், சிறை சென்று வந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். குற்றப் பின்னணி இல்லாத வெள்ளையருக்கு 34 சதவீத இடங்களில் மறு அழைப்பு. குற்றப் பின்னணி உள்ள வெள்ளையருக்கு 17. குற்றப் பின்னணியே இல்லாத கருப்பினத்தவருக்கு 14. பின்னணி உள்ள கருப்பினத்தவருக்கு 5. நடுவில் உள்ள இரண்டு எண்களையும் இன்னொரு தடவை பாருங்கள். சிறைக்குப் போய் வந்ததாகச் சொன்ன வெள்ளையர், எந்தத் தப்பும் செய்யாத கருப்பின இளைஞரைவிட ஒரு படி முன்னால் நிற்கிறார்.

"அது இருபது வருடத்துக்கு முந்தைய கதை" என்று சொல்பவர்கள் உண்டு. சரி, 2022-ல் வெளியான ஆய்வைப் பார்ப்போம். அமெரிக்காவின் மிகப் பெரிய நிறுவனங்களில் 108-ஐத் தேர்ந்தெடுத்து 83,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை அனுப்பினார்கள். இன இடைவெளி குறைந்திருந்தது, ஆனால் போகவில்லை. அதில் ஒரு நுணுக்கம் உண்டு. எல்லா நிறுவனங்களும் ஒரே அளவுக்குப் பாகுபாடு காட்டவில்லை. பாகுபாட்டால் கருப்பினத்தவர் இழந்த அழைப்புகளில் ஏறத்தாழ பாதி, மிக மோசமாக நடந்துகொண்ட ஐந்தில் ஒரு பங்கு நிறுவனங்களிடமே குவிந்திருந்தது. பாலினத்தில் சராசரியாகப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் சில நிறுவனங்கள் ஆண்கள் பக்கமும் சில நிறுவனங்கள் பெண்கள் பக்கமும் சாய்ந்து, கூட்டிக் கழிக்கும்போது சரியாகியிருந்தது. "ஆண் வேலை", "பெண் வேலை" என்ற பிரிவு இன்னும் உயிரோடு இருக்கிறது என்றுதான் இதை நான் வாசிக்கிறேன். ஆள் எடுக்கும் பொறுப்பு ஒரே இடத்தில் ஒரே முறைப்படி நடந்த நிறுவனங்களில் பாகுபாடு குறைவாக இருந்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நல்லவர்கள் கையாலேயே இது எப்படி நடக்கிறது என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். ஒரு மேற்பார்வைப் பதவிக்கு ஒரே நாளில் இரண்டு நேர்காணல். காலையில் வந்தவர் ஆண். களத்தில் பத்து வருடம் நின்றவர், பட்டம் சுமார். மதியம் வந்தவர் பெண். உயர்ந்த பட்டம், கள அனுபவம் குறைவு. நாங்கள் நான்கு பேர். பெண்ணைப் பற்றிய பேச்சு வந்தபோது, "ஏட்டுப் படிப்பு வேறு, இறங்கி வேலை பார்த்திருக்கணும்" என்றார் ஒருவர். எல்லோரும் தலையாட்டினோம், நானும்தான். ஆணை எடுத்தோம். நியாயமாகத்தான் பட்டது. சில மாதம் கழித்து அதே மாதிரிப் பதவி, அதே குழு. இந்த முறை நேர்மாறு: பட்டம் ஆணிடம், கள அனுபவம் பெண்ணிடம். "அடிப்படை வலுவாக இருந்தால் போதும், களத்தை உள்ளே வந்து கற்றுக்கொள்ளலாம்" என்று முடிவானது. மறுபடியும் ஆண். வீட்டுக்கு வந்து குறிப்பு நோட்டைப் புரட்டினேன். இரண்டு வாக்கியங்களும் என் கையெழுத்திலேயே இருந்தன, சில பக்க இடைவெளியில். அன்று அந்த அறையில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு காரணமும் தனியாகப் பார்த்தால் சரியான காரணம். முதலில் ஆளைப் பிடித்துப்போய், பிறகு அவருக்கு ஏற்றபடி அளவுகோலை வளைத்திருக்கிறோம்.

இது எங்கள் அறையில் மட்டும் நடந்ததில்லை என்று பின்னால் தெரிந்தது. உல்மான், கோஹன் என்ற இருவர் 2005-ல் வெளியிட்ட பரிசோதனையில், காவல்துறைத் தலைவர் பதவிக்கு யாரை எடுக்கலாம் என்று கேட்டார்கள். ஆண் விண்ணப்பதாரருக்குப் படிப்பு இருந்தபோது படிப்புதான் முக்கியம் என்றார்கள் பங்கேற்றவர்கள். பெண்ணுக்குப் படிப்பு இருந்தபோது அதே படிப்பின் மதிப்பு இறங்கிப்போனது. ஆனால் ஆட்களைப் பார்ப்பதற்கு முன்பே எது முக்கியம் என்று முடிவு செய்யச் சொன்னபோது அந்தச் சாய்வு மறைந்துவிட்டது. அதனால்தான் இப்போது நான் உட்காரும் எந்தக் குழுவிலும் முதல் விண்ணப்பதாரர் உள்ளே வருவதற்கு முன் அளவுகோலை எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குகிறேன். மதிப்பெண்ணையும் ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். சிலருக்கு எரிச்சல்தான், இருந்தாலும் விடுவதில்லை.

பெண்களே பெண்களுக்கு எதிராக இருக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையும் ஆய்வில் நிற்கவில்லை. 2012-ல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் 127 அறிவியல் பேராசிரியர்களிடம் ஆய்வக மேலாளர் பதவிக்கான ஒரே விண்ணப்பம் கொடுக்கப்பட்டது. சிலருக்கு ஜான் என்ற பெயரில், சிலருக்கு ஜெனிஃபர் என்ற பெயரில். ஜானுக்குச் சராசரியாக 30,238 டாலர் சம்பளம் கொடுக்கலாம் என்றார்கள், ஜெனிஃபருக்கு 26,508. ஆண் பேராசிரியர்களும் பெண் பேராசிரியர்களும் இதில் ஒன்றுபோலவே நடந்துகொண்டார்கள்.

குழந்தை பிறந்தபின் கதை இன்னும் மோசம். ஷெல்லி கொரெல் குழுவினர் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள இரண்டு பெண்களில் ஒருவர் தாய் என்பது பயோடேட்டாவில் லேசாகத் தெரியும்படி செய்தார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறார் என்று ஒரு வரி, அவ்வளவுதான். நிஜ நிறுவனங்களிடமிருந்து குழந்தையில்லாத பெண்ணுக்கு வந்த அழைப்புகள் தாய்க்கு வந்ததைப்போல 2.1 மடங்கு. தந்தை என்று தெரிந்த ஆண்களுக்கு அப்படி எந்த நஷ்டமும் இல்லை. ஒரே குழந்தை, ஒருவருக்குச் சுமையாகவும் இன்னொருவருக்கு "பொறுப்பானவர்" என்ற பெயராகவும் மாறுகிறது. நேர்காணலில் "வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்ற கேள்வியை ஓர் ஆணிடம் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

இனி உறவுகள். இதைத் தனிக் கேள்வியாகவே பலர் நினைக்கிறார்கள்: வேலை கிடைப்பது ஒன்று, கிடைத்தபின் ஆபீசில் ஒட்டுவது ஒட்டாதது இன்னொன்று என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாய்ப்பு பெரும்பாலும் உறவு வழியாகத்தான் நடந்து வருகிறது. எந்த இடம் காலியாகப் போகிறது, எந்த மேனேஜரிடம் எதை எப்படிக் கேட்க வேண்டும், எந்த ப்ராஜெக்ட் பெயர் வாங்கித் தரும், எது கையைச் சுடும் என்பதெல்லாம் எந்தச் சுற்றறிக்கையிலும் வராது. சாப்பாட்டு மேசையிலும், வேலை முடிந்து சேர்ந்து நடந்துபோகும்போதும் காதில் விழுபவை. யாரோடு யார் சேர்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதைப் பார்த்தாலே அடுத்த பதவி உயர்வுப் பட்டியலை ஓரளவு ஊகித்துவிடலாம். தெரிந்தவர் மூலம் வேலை என்பதும் இதே கதைதான். வேலையில் ஏற்கெனவே இருப்பவர்கள் தங்களைப் போன்றவர்களையே சிபாரிசு செய்வார்கள். அதில் கெட்ட எண்ணம் துளிகூடத் தேவையில்லை.

செவிலியர் பணியைப் பற்றிய ஆராய்ச்சி இதை மிகத் தெளிவாகக் காட்டுகிறது. பெண்கள் நிறைந்த தொழில்களில் நுழையும் ஆண்களைக் கிறிஸ்டின் வில்லியம்ஸ் 1992-ல் ஆராய்ந்தார். அவர்கள் நின்ற இடத்தில் நின்றாலே மேலே ஏற்றிவிடும் கண்ணாடி எஸ்கலேட்டர் ஒன்று இருப்பதாக எழுதினார். மேலதிகாரிகள் ஆண்களாக இருந்தால் சகஜமாகப் பழகுவார்கள், நோயாளிகள் "டாக்டர்" என்று கூப்பிடுவார்கள், "நீங்கள் ஏன் நிர்வாகப் பக்கம் போகக் கூடாது?" என்று கேட்பார்கள். பதினேழு வருடம் கழித்து, 2009-ல், அடியா ஹார்வி விங்ஃபீல்ட் கருப்பின ஆண் செவிலியர்களிடம் பேசினார். அவர்களுக்கு அந்த எஸ்கலேட்டர் ஓடவே இல்லை. நோயாளிகள் அவர்களைத் துப்புரவுப் பணியாளர் என்று நினைத்தார்கள். வெள்ளையர்களான பெண் சகாக்கள் தள்ளியே நின்றார்கள். சீருடையும் ஒன்று, பாலினமும் ஒன்று, இனம் மாறியதும் மற்றவர்களின் முகமே மாறிவிடுகிறது. அந்த முகம்தான் பதவி உயர்வை முடிவு செய்கிறது.

எண்ணிக்கையும் ஒரு காரணம். ஒரு பெரிய நிறுவனத்தை உள்ளிருந்து ஆராய்ந்த ரோசபெத் மாஸ் கான்டர் 1977-ல் இதைக் கவனித்துச் சொன்னார். ஒரு குழுவில் ஒரே ஒருவராக இருப்பவர் எப்போதும் எல்லோர் கண்ணிலும் படுவார். அவர் செய்யும் தவறு அவருடைய தவறாக நிற்காது, "இவர்களே இப்படித்தான்" என்று ஆகிவிடும். அவர் செய்யும் நல்ல வேலையோ விதிவிலக்காகப் போய்விடும். நாள் முழுக்கத் தன் இனத்துக்கோ பாலினத்துக்கோ பிரதிநிதியாக நிற்பது எவ்வளவு களைப்பு என்பது, அப்படி நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம் யாரும் பேசாத சின்ன வேலைகள். ஒரு டீமின் ஒரு வருட மீட்டிங் மினிட்ஸ் கோப்பு ஒருமுறை என் கைக்கு வந்தது, வேறு ஏதோ தேதியைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எழுதியவர் பெயர். ஆறு பேர் கொண்ட அந்த டீமில், ஒன்றிரண்டு பக்கங்கள் தவிர எல்லாவற்றிலும் ஒரே பெண்ணின் பெயர். அங்கே வயதிலோ பதவியிலோ சின்னவர் அவர் இல்லை. விசாரித்தால், "அவங்க எழுத்து அழகா இருக்கும், அவங்களே எடுத்துக்கிட்டாங்க" என்றார்கள். அவர் சொன்னது வேறு: யாரும் கை தூக்காமல் அறை அமைதியாக இருக்கும், கடைசியில் எல்லோரும் தன்னைப் பார்ப்பார்கள். மினிட்ஸ் எழுதுபவர் குனிந்து எழுதிக்கொண்டே இருக்க வேண்டும், பேச நேரம் கிடைக்காது. வருடக் கடைசி அப்ரைசலில் அவருக்கு வந்த குறை என்ன தெரியுமா? "மீட்டிங்குகளில் இன்னும் அதிகம் பங்கெடுக்க வேண்டும்." லிண்டா பாப்காக் குழுவினர் 2017-ல் இதையே பரிசோதனைக்கூடத்தில் கண்டார்கள். ஆண்களும் பெண்களும் கலந்த குழுவில், பதவி உயர்வுக்கு உதவாத வேலைகளைப் பெண்களிடம் கேட்பதும் அதிகம், பெண்கள் ஒப்புக்கொள்வதும் அதிகம். ஒப்புக்கொண்டால் நேரம் போகும். மறுத்தால் "ஒத்துப்போகாதவர்" என்ற பெயர் வரும்.

அந்தப் பெயர் எவ்வளவு விலை வைக்கும் என்பதற்கு ஆன் ஹாப்கின்ஸ் வழக்கு சாட்சி. பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்ற கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் 1982-ல் பங்குதாரர் பதவிக்கு முன்மொழியப்பட்ட 88 பேரில் அவர் ஒருவர்தான் பெண். நிறுவனத்துக்கு மிகப் பெரிய அரசு ஒப்பந்தம் கிடைக்க உழைத்தவர். பதவி கிடைக்கவில்லை. இன்னும் பெண்மையாக நட, பெண்மையாகப் பேசு, பெண்மையாக உடுத்து, மேக்கப் போடு, நகை அணிந்துகொள் என்ற ரீதியில் அவருக்கு ஆலோசனை தரப்பட்டது. ஆண் செய்தால் உறுதி, அவர் செய்தால் திமிர். 1989-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பெண் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்து முடிவெடுப்பதும் பாலினப் பாகுபாடுதான் என்று ஏற்றுக்கொண்டது.

இனமும் பாலினமும் ஒரே ஆளிடம் சேரும்போது, சட்டமே அவரைத் தவறவிட்ட காலம் உண்டு. எம்மா டிகிராஃபென்ரெய்டும் இன்னும் நான்கு கருப்பினப் பெண்களும் ஜெனரல் மோட்டார்ஸ் மீது வழக்குப் போட்டார்கள். 1964-க்கு முன் அங்கே கருப்பினப் பெண்களை எடுத்ததே இல்லை. பிறகு ஆட்குறைப்பு வந்தபோது கடைசியாகச் சேர்ந்தவர்களை முதலில் அனுப்பினார்கள், அதனால் 1970-க்குப் பின் சேர்ந்த கருப்பினப் பெண்கள் எல்லோரும் வெளியே போனார்கள். பெண்களை எடுத்திருக்கிறார்களே என்று பார்த்தது நீதிமன்றம். எடுத்தது வெள்ளையினப் பெண்களை, அதுவும் அலுவலக வேலைகளுக்கு. இனப் பாகுபாட்டை வேண்டுமானால் தனியாகக் கேளுங்கள், இரண்டையும் சேர்த்துக் கேட்க முடியாது என்று 1976-ல் சொல்லிவிட்டது. இந்த வழக்கை எடுத்துக்கொண்டுதான் 1989-ல் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா, இரண்டு சாலைகள் சந்திக்கும் இடத்தில் அடிபடுபவரைப் பற்றி எழுதினார். இரண்டு பக்கத்து வண்டியும் அவரை மோதலாம், ஆனால் எது மோதியது என்று தனித்தனியாக நிரூபிக்கச் சொல்கிறார்கள்.

சம்பளத்தைப் பற்றிச் சுருக்கமாக. லில்லி லெட்பெட்டர் அலபாமாவில் டயர் தொழிற்சாலையில் ஏறத்தாழ 19 வருடம் வேலை பார்த்தவர். ஒரே வேலையைச் செய்த ஆண்களைவிடத் தனக்குக் குறைந்த சம்பளம் என்பது, யாரோ பெயர் போடாமல் வைத்துவிட்டுப் போன ஒரு துண்டுச் சீட்டில்தான் அவருக்குத் தெரிந்தது. மாதம் 3,727 டாலர் அவருக்கு. ஆண்களில் மிகக் குறைவாக வாங்கியவருக்கு 4,286. சம்பளம் முடிவான 180 நாளுக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்று 2007-ல் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. தெரியாத விஷயத்துக்கு எப்படிப் புகார் கொடுப்பது? 2009-ல் அவர் பெயரிலேயே புதிய சட்டம் வந்து, குறைந்த சம்பளம் தரும் ஒவ்வொரு முறையும் கெடு புதிதாகத் தொடங்கும் என்று ஆனது. அவருக்குப் பணம் கிடைக்கவில்லை. சம்பளம் ரகசியம் என்ற விதியால் யாருக்கு லாபம் என்று கேட்டால் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

சரி, என்ன செய்தால் மாறும்? ஒருநாள் பயிற்சி வகுப்பு வைத்து எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவது நிறுவனங்களுக்குப் பிடித்த வழி. அதற்கு நான் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. கலெவ், டாபின், கெல்லி என்ற மூவர் 700-க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பணியிடங்களின் முப்பது வருட விவரத்தை அலசி 2006-ல் சொன்னதும் இதுதான்: பயிற்சி வகுப்பால் மட்டும் மேல்பதவிகளில் ஆட்கள் பெரிதாக மாறவில்லை. இதற்கு இவர்தான் பொறுப்பு என்று ஒருவரையோ ஒரு குழுவையோ நியமித்துக் கணக்குக் கேட்ட இடங்களில் மாறியது. எழுதி வைத்த அளவுகோல், எல்லோருக்கும் ஒரே கேள்விகள், வெளிப்படையான சம்பள வரம்பு, முறைவைத்து மாறும் சின்ன வேலைகள், இவ்வளவுதான். எதுவும் ஆள் மனதை மாற்றுவதில்லை. மனது சாய்ந்தாலும் கை சாயாதபடி பிடித்துக்கொள்கிறது.

நீங்களே இந்த நிலைமையில் இருந்தால், ஒரு எச்சரிக்கையோடு ஒரு யோசனை. புகார் செய்தவர்களைப் பழிவாங்குவது சாதாரணமாக நடக்கிறது. அமெரிக்காவில் வேலைப் பாகுபாட்டுப் புகார்களை வாங்கும் அரசு ஆணையத்துக்கு வருபவற்றில் பழிவாங்கல் பற்றியவைதான் மற்ற எதையும்விட அதிகம். "எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுங்கள்" என்று உங்களிடம் சொல்ல என்னால் முடியாது. வீட்டு வாடகையை நான் கட்டப் போவதில்லை. ஆனால் எழுதி வையுங்கள். தேதி, நேரம், யார் இருந்தார்கள், சொன்ன வார்த்தை அப்படியே. ஒரே மாதிரி வேலைக்கு உங்களுக்கு என்ன வந்தது, மற்றவருக்கு என்ன வந்தது. தனியாகப் பார்த்தால் அற்பமாகத் தோன்றுவதையும் எழுதுங்கள், நான்காவது மாதத்தில் அது அற்பமாகத் தெரியாது. அதே நிலைமையில் இன்னொருவர் இருந்தால் பேசிப் பாருங்கள், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஆள் கிடைப்பார். நோட்டை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் கணினியிலோ ஆபீஸ் மின்னஞ்சலிலோ வேண்டாம், வேலையை விட்டு அனுப்பும் நாளில் முதலில் மூடப்படுவது அதுதான்.